நான்காவது முயற்சி, இரண்டு கஜம், குறிப்பு: காலி

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து வந்தது. கற்பனை, உத்வேகம் என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. ஒரு தாளில் ஒரு கட்டத்தை நான் நிரப்பாமல் விட்டேன், அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவில், ஹார்லன் ஃபோர்க்ஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிளேயையும், அதாவது ஒரு முயற்சியில் யார் எங்கே ஓடுவது, பந்து யாருக்கு என்ற திட்டத்தை, தாளில் எழுதுவேன். எத்தனையாவது முயற்சி, எத்தனை கஜம் பாக்கி, என்ன பிளே, என்ன ஆயிற்று.* கடைசிக் கட்டம் 'குறிப்பு'. காற்று, காயம், நடுவர் கொடி வீசியது எல்லாம் அதில் போகும். பிளேயைச் சொன்னது யார் என்று எழுதத் தனிக் கட்டம் கிடையாது. எங்கள் அணியில் அதைச் சொல்வது தலைமைப் பயிற்சியாளர் வேட் கோல்டர்மன் மட்டும்தான் என்பது ஊருக்கே தெரியும்.

பதினோரு நாளைக்கு முன்னால் ஒரே ஒரு பிளேயை வேறொருவர் சொன்னார். நான் அதை எழுதவில்லை. அன்றிலிருந்து எந்த வேலையிலும் கை ஓடவில்லை.

* நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் போக வேண்டும். போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. இதற்கு மேல் விதி எதுவும் தெரியாவிட்டாலும் கதை நடக்கும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'வடக்கிலிருந்து அடித்த காற்றில் மைதானத்தின் கொடிகள் படபடக்க, கர்ட்டிஸ் மேப்ரி தன்…'

வேண்டாம். காற்றில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது முயற்சி: 'ஐம்பத்தொரு வயதான கர்ட்டிஸ் மேப்ரி எங்கள் அணியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்.'

இதைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ஏதோ மாவட்ட அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் போல இருக்கிறது. ஆனால் மனிதர் ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஞாயிறு மாலையே அடுத்த எதிரணியின் ஆட்டப் படங்களைப் போட்டுவிடுவார். பிளேக்களை வரைவார், பையன்களை ஓடவிடுவார், ஆட்டத்தின் முதல் பதினைந்து பிளேயை வரிசையாக எழுதுவார். எல்லாவற்றையும் ஓட்டல் மெனு அளவுக்கு ஒரே அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சனிக்கிழமை காலை கோல்டர்மன் கையில் கொடுப்பார். கல்யாணச் சமையல் முழுக்க இவருடையது, பந்தியில் கரண்டி மட்டும் அவர் கையில்.

பிறகு மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார். எதிரணி எப்படி நிற்கிறது என்று கண்ணில் படுவதைச் சொல்வார். கீழே பக்கக்கோட்டில் நிற்கும் கோல்டர்மன் கேட்பார்:

"கர்ட்டிஸ், உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"

"இருபத்தாறு வலது, கோச். அவங்க எல்லாரும்…"

"வேணாம். நாப்பத்திரெண்டு."

(எண்கள் பிளேக்களின் பெயர்கள்.) ஓர் ஆட்டத்தில் இது அறுபது தடவை நடக்கும். அறுபத்தோராவது தடவை மேப்ரி ஹெட்செட்டின் மைக்கை ஒதுக்கிவிட்டு என்னிடம், "எங்க வீட்ல என் சம்சாரம் லோர்னா இப்படித்தான், டானி. எந்த டிரஸ் போடட்டும்னு கேப்பா. கேக்கும்போதே ஒண்ணு போட்டிருப்பா" என்பார்.

(என் பெயர் தணிகாசலம். பத்தொன்பது வருடத்தில் அது டானி ஆகிவிட்டது. பழகிவிட்டது.)

3

மூன்றாவது தொடக்கம்தான் சரி. இதிலிருந்து கதை தானாக நடக்கிறது.

ஐடஹோவில் ஒரு கல்லூரி தலைமைப் பயிற்சியாளர் தேடிக்கொண்டிருந்தது. மேப்ரி போய்ப் பேசிவிட்டு வந்தார். இது மூன்றாவது கல்லூரி. முதல் இரண்டிலும் ஒரே கேள்வியில் வழுக்கி விழுந்தவர். ஐடஹோவில் விளையாட்டுத் துறைத் தலைவி இங்ரிட் சாதர் அந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டாராம்.

"பிளே சொல்றது யாரு?"

"தலைமைப் பயிற்சியாளர்தான், மேடம்."

"அப்ப நீங்க என்ன பண்றீங்க?"

மேப்ரி என்னிடம் சொன்னார்: "வாரத்துல தொண்ணூறு மணி நேரம் செய்யுற வேலை. ஒரு வாக்கியத்துல சொல்ல வரல, டானி. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

அந்தம்மா நல்லவர்தான் போல. யோசிக்க அவகாசம் கொடுத்தார். "சீசனோட கடைசி ஆட்டம் முடியட்டும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குக் கூப்பிடறேன். ஒரே கேள்விதான். நிஜ ஆட்டத்துல, நெருக்கடியில, நீங்களா ஒரு பிளே சொல்லியிருக்கீங்களா? ஆமான்னா மேல பேசுவோம்."

மிச்சமிருந்தது ஒரே ஆட்டம். பிளே சொல்வது கோல்டர்மன்.

4

'தபால்பெட்டி' என்று ஒரு பிளே. மேப்ரி வரைந்தது. எல்லாரும் வலது பக்கம் ஓடுவார்கள். டக்கர் வாஸ் என்ற நெட்டையன் மட்டும் கால் தடுக்கியவன் மாதிரி தரையில் விழுந்து கிடப்பான். எதிரணி அவனை மறந்துவிடும். இரண்டு எண்ணிவிட்டு எழுந்து இடது பக்கம் போவான். பந்து அவனுக்கு வரும்.

வியாழக்கிழமை கோல்டர்மன் சிவப்புப் பேனாவால் அதை அடித்தார்.

"என் பையன் சொந்த மைதானத்துல படுத்துக் கிடக்குறதா? எங்கப்பா பாத்தா டிவிய உடைச்சிடுவார்."

"ரெண்டே செகண்டுதான், கோச்."

"படுக்குறதுல என்னய்யா கணக்கு? நிக்கிறவனைத்தான் நம்பணும்."

வெள்ளிக்கிழமை அட்டையைத் திரும்ப அச்சடித்தபோது, கீழே வலது மூலையில், எறும்பளவு எழுத்தில், மேப்ரி தபால்பெட்டியை விட்டுவைத்தார். நான் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார்.

(இங்கே மேப்ரி வீரமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மூன்று வரி எழுதினேன். படித்துப் பார்த்து வெட்டிவிட்டேன். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அன்று சொன்னது "பிளாஸ்டிக் மெஷின் சூடாயிடுச்சா பாரு" என்பது மட்டும்.)

5

சனிக்கிழமை. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். முப்பத்தெட்டு விநாடி பாக்கி. எல்லைக்கோட்டுக்கு ஒன்பது கஜம், தாண்டினால் வெற்றி. நான்காவது முயற்சி, இரண்டு கஜம் வேண்டும். வீசிய பந்து அப்போதுதான் தரையில் விழுந்ததால் கடிகாரம் நின்றிருந்தது. அடுத்த பிளேக்கு நாற்பது விநாடி.

"கர்ட்டிஸ், உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"

மேப்ரி பதில் சொல்லவில்லை. எப்படியும் வெட்டுப்படும் என்று அவருடைய நாக்குக்கே பழகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை கோல்டர்மன் காத்திருந்தார். காதில் காற்றிரைச்சல் மட்டும்.

"கேக்குதா? நீ சொல்லு. உன் பிளே."

அந்த அலைவரிசையில் மூன்றே பேர். அவர், இவர், நான். ஆறு விநாடி போயிற்று. நான் எண்ணினேன்.

"தபால்பெட்டி" என்றார் மேப்ரி.

கோல்டர்மன் அட்டையைத் திருப்பி, வலது மூலையில், தான் அடித்த பிளே அங்கே உயிரோடு இருப்பதைப் பார்த்திருப்பார். ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. பிறகு கையை உயர்த்திச் சைகை காட்டினார்.

டக்கர் வாஸ் விழுந்தான். எதிரணி மொத்தமும் வலது பக்கம் போயிற்று. அவன் எழுந்தான். அவனைச் சுற்றி இருபது கஜத்துக்கு ஆளே இல்லை. பந்து அழகாக வந்து அவன் இரண்டு உள்ளங்கையிலும் பட்டது. பட்டு, கீழே விழுந்தது.

தோற்றோம். நான் எழுதினேன்: நான்காவது முயற்சி, இரண்டு கஜம், தபால்பெட்டி, பிடிக்கவில்லை. குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது.

6

இந்த இடத்தில் எனக்குக் கோல்டர்மன் மேல் சந்தேகம் வருகிறது. கதாபாத்திரமாகத்தான் சொல்கிறேன். ஏன் கொடுத்தார்? ஐடஹோ விஷயம் காதுக்கு எட்டி, போகிற மனிதனுக்கு ஒரு பரிசாகவா? பயந்து, பழியைப் பங்கு போடவா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன, அதுதான் எரிச்சல்.

ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் கூடினார்கள். முதல் கேள்வியே அதுதான்.

"ரெண்டு கஜத்துக்கு அந்தக் கோமாளித்தனம் யாரோட யோசனை, கோச்?"

"என்னோடது. இங்க எல்லா பிளேயும் என்னோடதுதான். அடுத்த கேள்வி."

பழியை அப்படியே தன் தலையில் போட்டுக்கொண்டார். பெரிய மனசு. ஊர் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தது, மேப்ரியை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் மேப்ரி வாழ்க்கையில் சொன்ன ஒரே பிளேயையும் அந்தப் பதில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பின்சுவரோரம் அவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். நன்றியும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் மனிதனுக்குக் கை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை. சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

7

ஞாயிறு, பிற்பகல் ஒன்றே முக்கால். மேப்ரியின் அறைக்கும் கோல்டர்மன் அறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர். அதனால் என் அறைக்கு வந்தார், கையில் சில்லி என்ற பீன்ஸ்-இறைச்சிக் குழம்புக் கிண்ணமும், இந்த ஊரில் அதில் தொட்டுச் சாப்பிடும் சின்னமன் ரோல் என்ற இனிப்பு ரொட்டியும். ரோலைச் சில்லியில் தொட்டார், வாயில் வைக்கவில்லை.

"நேத்துத் தாளைக் காட்டு."

காட்டினேன். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"குறிப்புல ஒண்ணும் எழுதலயே?"

"என்ன எழுதணும், கோச்?"

"தெரியல. அதான் பாக்க வந்தேன்."

"ஆமான்னு சொல்லுங்க. பொய்யில்லையே. நான் சாட்சி."

"சொன்னா வேட் நேத்துப் பத்திரிகைக்காரங்ககிட்டச் சொன்னது பொய்யாகும். எனக்காக அடி வாங்கின மனுஷன். அந்தம்மா நாளைக்கே அவருக்கு போன் போட்டு விசாரிக்கும்."

"அப்ப இல்லைன்னு சொல்லுங்க."

"அதுவும் பொய்தான? ஐம்பத்தொண்ணு ஆச்சு, டானி. நாலாவது கல்லூரி கூப்பிடாது."

மணி இரண்டு. மேசைமேல் அவர் வைத்திருந்த போன் அடித்தது.

முடிவு ஒன்று: மேப்ரி 'ஆமாம்' என்கிறார். ஐடஹோ கிடைக்கிறது. கிளம்பும் நாளில் கோல்டர்மன் கை கொடுக்க வரவில்லை. (நீதிக்கதை வாடை. நிறுத்தினேன்.)

முடிவு இரண்டு: 'இல்லை' என்கிறார். மறுநாள் கோல்டர்மன் தானாகவே ஐடஹோவைக் கூப்பிட்டு உண்மையைச்… (இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனாலேயே நம்பவில்லை.)

முடிவு மூன்று: அவர் போனை எடுப்பதற்குள் நான் பென்சிலை எடுத்துக் கட்டத்தில் அவர் பெயரை எழுதுகிறேன். (செய்யவில்லை. செய்திருந்தால் இந்தக் கதை எதற்கு?)

நடந்தது இது. மூன்றாவது மணியில் மேப்ரி போன்மேல் கையை வைத்தார், எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"டானி, உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"

வருஷக்கணக்காக ஹெட்செட்டில் நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே கேள்வி. ஆனால் அவர் காத்திருந்தார். ஆறு விநாடி. நான் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றேன். பத்தொன்பது வருடம் பிறர் சொன்னதை எழுதியே பழகிய கை இது. என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது. பிறகு அவர் போனை எடுத்தார்.

8

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஆனால் எழுத மாட்டேன்.

திரும்பிப் பார்க்கிறேன். இந்தப் பக்கங்களில் மேப்ரி சொல்ல வந்ததில் பாதியை வெட்டியிருக்கிறேன். அவர் வாரமெல்லாம் உழைத்ததை எடுத்து, எந்த வரிசையில் ஓடவேண்டும் என்று நானே சைகை காட்டியிருக்கிறேன். முடிவையும் எழுதிவிட்டால் கோல்டர்மன் மாதிரி 'எல்லாம் என்னோடது' என்று ஆகிவிடும். அது எனக்கு ஆகாது.

ஆகவே தாளைத் திருப்பி உங்கள் பக்கம் வைக்கிறேன். பென்சில் மேலே இருக்கிறது. போன் மூன்றாவது தடவை அடித்து ஓய்கிறது, நான்காவது மணி இன்னும் வரவில்லை. மேப்ரி கேட்டது என்னை, நான் பதில் சொல்லாததால் இப்போது உங்களை. உங்களுக்கு என்ன பிடித்திருக்கிறது? அவர் காத்திருக்கிறார்.

நான்காவது முயற்சி. இரண்டு கஜம். தபால்பெட்டி. பிடிக்கவில்லை.
குறிப்பு: [                    ]