மண்பாப்பா

என் மாமியாருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஊருக்கு அவர் இன்னும் பாப்பாதான். காய்கறிக்காரர், பல் டாக்டர், வங்கி மேலாளர் எல்லோரும் அவரை மண்பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளைக்கு முன்னால் அவருக்கு நாற்காலி வரும். அவரும் அதற்கென்றே பிறந்தவர் மாதிரி உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு படம். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. பழைய ஆட்சியின் அலுவலகப் படிக்கட்டில் முதல் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். கொஞ்சம் தள்ளி அவருடைய தொண்டர் ஒருவர் இடுப்பு வளைய வணங்குகிறார். தலைவரின் காலடியில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி குனிந்து தரையைத் தொடுகிறாள். அவள் கை படும் இடத்திலிருந்து படத்தின் அடிப்பகுதி முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம். சொட்டு ரத்தம் சிந்தாமல் நாடு பிறந்த காலையில், குழந்தையின் கை பட்டதும் மண்ணே ஒளி வீசியது என்று கீழே எழுதியிருக்கும். அந்தச் சிறுமிதான் என் அத்தை. அம்மா அப்பா யாரென்று தெரியாத பிள்ளை என்று தலைவரின் அநாதை விடுதியிலேயே அவரை வளர்த்தார்கள்.

நாடு பிறந்த நாள் விழாவில் ஆண்டுதோறும் அத்தை சதுக்கத்து மேடையில் குனிந்து தரையைத் தொடுவார். எதிரே நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் அவரைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். அவர் நிமிர்ந்த பிறகுதான் நிமிர வேண்டும். நானும் சின்ன வயதில் அந்த வெயிலில் குனிந்து நின்று அவரை மனதாரத் திட்டியிருக்கிறேன். அவர் வீட்டுக்கே மருமகளாகப் போவேன் என்று யார் கண்டது.

இந்த ஆண்டு விழா பெரியது. பழைய கல் சிலையை எடுத்துவிட்டு நான்கு மாடி உயரத்துக்கு வெண்கலச் சிலை வைத்திருந்தார்கள். அதன் பின்னால் ஒரு சுவர் எழுப்பி, அந்தச் சுவர் முழுக்க அதே படத்தை அச்சடித்து ஒட்டுவதாகத் திட்டம். புத்தகத்தில் இருப்பது நகலின் நகல். பெரிதாக்கினால் தலைவரின் முகம் சாம்பல் பூசிய பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். அதனால் அசல் கண்ணாடித் தகட்டையே பெட்டகத்திலிருந்து எடுத்து, அரசாங்கப் படக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பழைய தகடுகளை ஸ்கேன் செய்கிற வேலைதான் என்னுடையது.

கண்ணாடித் தகட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் படம் படிந்த பூச்சு இருக்கும், அதன்மேல் மூச்சுக்கூடப் படக்கூடாது. மறுபக்கம் வெறும் கண்ணாடி. அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஸ்கேனரில் வைப்போம். எங்கள் வேலையில் இது பல் துலக்குகிற மாதிரி. யோசித்துச் செய்வதில்லை.

இந்தத் தகட்டின் கண்ணாடிப் பக்கத்தில் கீழ்ப்பாதி முழுக்க செம்பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. தகட்டில் இருப்பது நெகட்டிவ், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய படம். அதில் வெளிச்சம் நுழையாமல் ஓரிடத்தில் சாயம் பூசினால், தாளில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று விழும். விளம்பரப் பலகை, கம்பம் எதையாவது மறைக்க அந்தக் காலத்தில் இப்படிப் பூசுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் விரல் அகலத்துக்கு மேல் பூசி நான் பார்த்ததில்லை. பாதித் தகட்டை மூடிக் கிடந்ததால் பெட்டகத்து ஈரத்தில் பிடித்த கறை என்றே நினைத்தேன். இத்தனை வருஷம் நாட்டின் மானத்தை இப்படியா வைத்திருப்பது என்று பெட்டகக்காரர்களை வாய்க்குள் திட்டியபடி அழுத்தித் துடைத்தேன். துணி சிவப்பாகியது. கண்ணாடி பளிச்சென்று ஆனது. எனக்கு ஒரே பெருமை.

பிறகு கம்ப்யூட்டரில் படம் வந்தது.

வெளிச்சத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் ஆட்கள் கிடந்தார்கள். முதலில் மூட்டைகள் என்று நினைத்தேன், ஆனால் மூட்டை செருப்புப் போட்டிருக்காது. தொண்டர் யாரையும் வணங்கவில்லை. ஒரு கிழவரின் இரண்டு கால்களையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கிழவரின் தலை படியில் தட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், பின்னால் படிக்குப் படி கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. தலைவரின் காலடியில் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. ஒரு கை தலைக்கு மேல் நீண்டிருந்தது. சிறுமி மண்ணைத் தொடவில்லை. அந்தக் கையைப் பிடித்து, பாதங்களை அழுந்த ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தாள். எழுப்பப் பார்க்கிறாள். தலைவர் மட்டும் கேமராவைப் பார்த்தபடி நின்றார்.

அத்தை எல்லாப் பேட்டிகளிலும் ஒன்றையே சொல்வார். “மண்ணு வெதுவெதுன்னு இருந்துச்சு. விடவே மனசு வரல.” வீட்டில் நான் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அந்த வார்த்தைகள் நினைவுக்கு வந்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தால் என் நாற்காலிக்குப் பின்னால் விழா அதிகாரி நின்றுகொண்டிருந்தார். படத்தை வாங்கிப் போக வந்தவர். எதைக் கேட்பதானாலும் ‘ஒரு சின்ன விஷயம்’ என்று தொடங்குகிற பதவிசான மனிதர். அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“துடைச்சிட்டீங்களா” என்றார்.

“சார், இது என்ன சார்?”

“துடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கணும். சொன்னா ஏன்னு கேப்பீங்கன்னு விட்டுட்டோம். எனக்கே போன வருஷம்தான் சொன்னாங்க.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு சின்ன விஷயம். முன்னாடி எப்படி வெள்ளையா இருந்துச்சோ அதே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க. இப்பல்லாம் அஞ்சு நிமிஷ வேலைதானே. நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகணும்.”

“எங்க அத்தைக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா இத்தனை வருஷம் குனிஞ்சிருப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

படத்தை மடிக்கணினியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பழகிக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்துவிட்டது, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். “நாட்டுக்காக இந்த முட்டியக் குடுத்தா போச்சு” என்று வழக்கம்போல என்னிடம் சிரித்தார். நான் எதுவும் பேசாமல் அறைக்குள் போய்விட்டேன். அவருக்கு அதுவே விசித்திரமாகப் பட்டிருக்கும், நான் பதில் சொல்லாமல் போகிற ரகம் இல்லை.

என் வீட்டுக்காரர் படத்தை ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தார். பிறகு, “பழைய ஆட்சிக்காரன் சுட்டிருப்பான்” என்றார்.

“அப்படின்னா ஊர் பூரா காட்டியிருப்பாங்களே. எதுக்குங்க பூசி மறைக்கணும்?”

“அது அம்மாவோட அம்மாதான்னு யார் சொன்னது? யாரோ ஒரு பொம்பள.”

தோளுக்கு மேல் கேமரா பக்கம் திரும்பியிருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினேன். முகவாயின் நடுவில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு பள்ளம். என் வீட்டுக்காரருக்கும் அதே இடத்தில் அதே பள்ளம், ஷேவ் செய்யும்போதெல்லாம் அங்கேதான் வெட்டிக்கொள்வார். அவர் கை தானாகத் தன் முகவாய்க்குப் போயிற்று.

“அம்மாகிட்ட சொல்லாத” என்றார். “வெள்ளையாக்கி அனுப்பிடு. இந்த வயசுல இதத் தாங்க மாட்டாங்க.”

“என்னத்தத் தாங்க மாட்டேன்?”

கதவைத் தட்டும் பழக்கம் அத்தைக்குக் கிடையாது. நான் மடிக்கணினியை மூடப் போனேன். அவர் அதற்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தன்னுடைய படம் என்று தெரிந்ததும் முகத்தில் முதலில் அந்த வழக்கமான பெருமை வந்தது. அது அப்படியே நின்றுபோனதை நான் பார்த்தேன்.

திரையில் விரலை வைத்து, “இந்தக் கையப் பெருசு பண்ணு” என்றார். பண்ணினேன். “மூஞ்சியக் காட்டு.” காட்டினேன். அழுவார், மயங்கி விழுவார் என்று நான் அவர் தோளைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

“அம்மா எங்கன்னு கேட்டா, மண்ணுதான் உன் அம்மா, அதனாலதான் நீ அதத் தொட்டன்னு சொல்லுவாங்க” என்றார். “நானும் விடுதி தோட்டத்துல போய் மண்ணுகிட்ட பேசிட்டு இருப்பேன். லூசு மாதிரி.”

“அம்மா, நாம வேணா விழாவுக்குப் போகாம இருந்துடலாம்” என்றார் மகன்.

“ஏன் போகாம? உடம்புக்கு முடியலன்னு சொல்லிட்டு வேற எவளையாவது குனிய வைப்பாங்க.” என் பக்கம் திரும்பினார். “அவங்க கேட்ட மாதிரியே மூடி அனுப்பிடும்மா. இது நம்மகிட்ட இருக்கட்டும்.”

எனக்கு அது இடி விழுந்த மாதிரி இருந்தது. படத்தில் பார்த்ததை விட இதுதான் அதிகம் வலித்தது என்றுகூடச் சொல்வேன். எத்தனை நாற்காலி, எத்தனை மாலை, அதையெல்லாம் விட மனசில்லையா இந்த அம்மாவுக்கு என்று உள்ளே கொதித்தேன். மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து என் கையாலேயே அந்தப் பெண்ணை வெள்ளையால் மூடினேன். அதிகாரி சொன்னது சரி, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அத்தை நாற்காலியைப் பிடித்துப் பழகுவதை விட்டுவிட்டார். தினமும் காலையில் என்னை அழைத்துப் படத்தைத் திறக்கச் சொல்வார். பார்ப்பார். மூடச் சொல்வார். ஒரு நாள் மட்டும், “தல எந்தப் பக்கம் இருக்கு பாரு, எனக்குச் சரியாத் தெரியல” என்றார். தலைவரின் செருப்புப் பக்கம் என்றேன். சரி என்று சாப்பிடப் போய்விட்டார்.

விழா அன்று சதுக்கத்தில் நிற்க இடமில்லை. வெண்கலச் சிலைக்குப் பின்னால் சுவர் முழுக்க நான் அனுப்பிய படம், நான் பூசிய வெள்ளை. அத்தை தொட வேண்டிய இடத்தில் பித்தளை வட்டம் ஒன்றைப் பதித்து மெருகேற்றியிருந்தார்கள். தொட்ட பிறகு ‘இந்த மண்தான் என் தாய்’ என்று அவர் ஒரு வரி சொல்ல வேண்டும் என்பதற்காக அதிகாரியே வந்து அவர் கழுத்தோரம் குட்டி மைக்கைச் செருகினார். நானும் என் வீட்டுக்காரரும் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்தோம். இதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வாத்தியம் நின்றது. அத்தை பித்தளை வட்டத்தருகே போனார். சிலையின் செருப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். முட்டியில் கையை ஊன்றி மெதுவாகக் குனிந்தார். ஒரு கையைத் தரையில் வைத்தார், இன்னொரு கையையும் வைத்தார். அப்புறம் அந்தத் தரையிலேயே ஒருக்களித்துப் படுத்தார். தலை செருப்புப் பக்கம். ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டினார்.

என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டை நெரித்தார். பின்னாலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். பிள்ளைகள் படுத்துக்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்கில் பழக்கியிருந்தார்களே, மண்பாப்பா செய்வதை அப்படியே செய்ய வேண்டும் என்று. வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டையோடு ஒருக்களித்து, ஒரு கையை நீட்டி, மைதானம் முழுக்கப் பிள்ளைகள் கிடந்தார்கள். ஆசிரியைகளில் ஒருத்தர் வீறிட்டு அழ ஆரம்பித்தார். அப்படி ஒரு காட்சியை நான் பார்த்தே இருக்கக் கூடாது.

அதிகாரி மேடைக்கு ஓடி அத்தையின் அருகே மண்டியிட்டார். “வயசாயிடுச்சு, மயக்கம் போட்டுட்டாங்க” என்றார். அது ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் கேட்டது.

“மயக்கமெல்லாம் இல்ல” என்றார் அத்தை. அடுக்களையிலிருந்து பேசுகிற சாதாரணக் குரல். “கையை எடுங்க. எங்கம்மா இப்படித்தான் கிடந்தா. உங்க தலைவரோட ஆளுங்க கொன்னாங்க. நான் மண்ணத் தொடல, அவளப் புடிச்சு எழுப்பிட்டிருந்தேன். அவ எந்திரிக்கல.”

அதிகாரி மைக்கைத் தேடினார். அது அத்தையின் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

மேடை விளிம்பை ஒட்டிப் படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்து அத்தை தலையைத் திருப்பினார். “அவ பேரு என்னன்னு எனக்குத் தெரியலம்மா. உங்க வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா, அன்னைக்கு இங்க கிடந்தவங்கல்லாம் யாருன்னு கேட்டுச் சொல்லுங்க.”

முதல் வரிசையில், எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த ஒரு பெண் குழந்தை, படுத்தபடியே சரி என்று தலையை ஆட்டினாள்.