கிம்ச்சி வாரத்து உப்பு

நவம்பர் மூன்றாம் வாரம் எங்கள் ஊரில் யாரும் பெண் பார்க்கப் போகமாட்டார்கள், பல் பிடுங்கிக்கொள்ளவும் மாட்டார்கள். எல்லோர் கையும் முட்டைக்கோஸில் இருக்கும். குளிர்காலம் முழுக்கத் தின்னும் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியை அந்த ஒரு வாரத்தில் போட்டு முடித்தாக வேண்டும். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் என் தொட்டி சாகத் தொடங்கியது.

நான் ஊர்க் கழிவுநீர் நிலையத்தின் பொறுப்பாளன். வந்து சேரும் கந்தலையும் மணலையும் பிரிப்பது நாங்கள். மிச்சத்தைத் தின்று தீர்ப்பது தொட்டியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். நாங்கள் காற்று ஊதுவோம், அவை தின்னும், கொழுத்து அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் ஓடைக்குப் போகும். வேலை அவற்றுக்கு, சம்பளம் எங்களுக்கு.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க," என்றாள் ஆய்வுக்கூடத்து நம்சுக்.

நுண்ணோக்கியில் குனிந்தேன். மணி போன்ற வாயைத் திறந்து திறந்து மூடும் பூச்சிகள் காம்பு சுருண்டு கிடந்தன. பாதிக்குமேல் அசைவில்லை. வெளியே கடைசித் தொட்டியில் தண்ணீர் கழுநீர் நிறத்தில் நின்றது.

"உப்புண்ணே. நேத்தவிட ஏழு மடங்கு."

"எந்தப் படுபாவி வேலை இது?"

இந்தக் குளிரில் அவை முழுக்கச் செத்தால் மறுபடி வளர்த்தெடுக்க வசந்தம் வந்துவிடும். அதுவரை எங்கள் ஊர் மலம் அப்படியே ஓடைக்குப் போகும். கீழே இன்னொரு ஊர் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. இருபத்திரண்டு வருட வேலையில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை.

உப்பை அளக்கும் கருவியோடு கிளம்பிச் சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சந்தை முனையில் அளவு குறைவு, பள்ளிக்கூட முனையில் அதிகம். மகளிர் சங்கத்து வாசலில் கருவி அலறியது.

உள்ளே முற்றத்தில் இருபது பெண்கள், ரப்பர் கையுறையும் கூச்சலுமாக. தனியாக இருக்கும் கிழடுகளுக்கெல்லாம் கிம்ச்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவி புன்ரே அக்கா, முட்டைக்கோஸ் ஊறிய உப்புத்தண்ணீரை அண்டாவோடு சாக்கடையில் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்கக்கா! என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? ஏன் இப்படி மூச்சு வாங்குற? வா, ஒரு வாய் தின்னு."

"அது நேரா என் தொட்டிக்கு வருது! பூச்சியெல்லாம் சாவுது! இங்க ஊத்தச் சொல்லி எந்த அறிவாளி சொன்னது?"

"நீதான்."

அக்கா கையுறை விரலை என் பக்கம் நீட்டினாள்.

"போன வருசம் ஓடையில ஊத்துனோம், நீ கோவத்துல குதிச்ச. அப்புறம் ஊர்க்கூட்டத்துல மக்கோலிக் கள்ளுக் கிண்ணத்தத் தூக்கிப் புடிச்சு என்ன சொன்ன? 'ஓடையில ஊத்தாதீங்க, சாக்கடையில ஊத்துங்க, கல்லப் போட்டாலும் செரிச்சிரும் என் புள்ளைங்க'ன்னு சொன்னியா இல்லியா?"

"நெஞ்சுல வேற அடிச்சுக்கிட்டாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

சொன்னேன்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்னதல்ல. வெட்கமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்து அக்காவின் சிரிப்பு நின்றது.

"நெசமாவே செத்துருச்சா தம்பி?"

"பாதிக்கு மேல."

அவள் அண்டாவை நிமிர்த்தி வைத்தாள். மிச்சமிருந்த உப்புத்தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, வண்டியில் ஏற்றி, நிலையத்தின் காலித் தொட்டியில் கொட்டினோம். பூச்சிகள் பிழைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீரை விரல் பருமனில், கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்காலம் முழுக்க அவற்றின் தொட்டிக்குள் விட்டுக்கொள்ளலாம். அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் கடைசிப் பீப்பாயோடு வந்து நின்றபோது என் போன் அடித்தது. நகரத்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம். ஓடை வாயிலில் இருக்கும் உப்பு மானி சிவப்பைக் காட்டியிருக்கிறது.

"உப்பு எங்கருந்து வந்துச்சு? ஊத்துன ஆள் பேரச் சொல்லுங்க, நடவடிக்கை எடுக்கணும்."

அக்காவுக்கும் கேட்டுவிட்டது. "குடு, நான் பேசுறேன்," என்று கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.

"எழுதிக்குங்க சார்," என்றேன். "ஊத்தச் சொன்னது நான்."