முகத்துவாரத்துச் செம்பாறை

சனிக்கிழமை காலையிலிருந்தே நீலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணலி புதுநகர் ஆபீசில் ஒரு பில்லை இரண்டு முறை போட்டாள், ஒன்றைப் போடாமலேயே விட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஓட்டமாக ஓடி பஸ்ஸைப் பிடித்து, உட்கார இடம் இருந்தும் படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய அப்பா குமாரவேலுக்கு ஆஞ்சியோ. நெஞ்சில் அடைப்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷனோ, "எனுக்கு ஒண்ணும் இல்ல. பாறைல குந்தினா பாரம் கொறஞ்சிடுது. ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் வர்ல" என்று காலையில் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பாறைக்கு அப்படியொரு பேரை வாங்கிக் கொடுத்த புண்ணியவதி யார்? சாட்சாத் நீலாவேதான்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் தாவித் தாவிக் கடைசி முனைவரை போனால், அங்கே சில பெரிய கற்கள் மட்டும் சிவப்பாகக் கிடக்கும். ஒரு சாயங்காலம் பொழுது போகாமல் அங்கே போனவள், மண்டி போட்டு, செல்போனைத் தரையோடு சாய்த்து ஒரு படம் எடுத்தாள். பின்னால் சாம்பல் படிந்த வெட்டவெளி. படத்தின் ஓரத்தில் தெரிந்த புகைபோக்கிகளை வெட்டி எறிந்ததும் ஏதோ வெளிநாட்டுப் பாலைவனம் போலவே இருந்தது. சும்மா விட்டாளா? 'பாலைவனச் செம்பாறை. உள்ளங்கையை வைத்தால் உடம்பில் மின்சாரம் பாயும், தீராத நோய் தீரும்' என்று எழுதி நெட்டில் போட்டுவிட்டாள். அனல் மின் நிலையத்துப் புகையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மின்சாரத்துக்குப் பாறை வேண்டியிருந்தது பாருங்கள், கொழுப்புதான்.

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் யாசின், விடுமுறை நாளானால் மலையேறப் போகிறவன், இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டத்தையே இங்கே கூட்டி வந்தான். கனத்த ஷூ, முதுகில் பை, கழுத்தில் கேமரா. கல் கல்லாக ஏறி வந்து பாறையில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். நீலாவின் அம்மா பவானிகூட மோர்ப் பானையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நீலா வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்பா போய் அங்கே உட்காரும்வரைக்கும்.

ஏனென்றால் அந்தக் கற்களைச் சிவப்பாக்கியதே அவர்தான். குப்பத்துப் படகுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பவர் குமாரவேல். அடிப்பக்கத்துக்குச் சிவப்பு. வேலை முடிந்ததும் பிரஷ்ஷை அந்தக் கற்களில்தான் துடைப்பார், மிச்சப் பெயிண்டையும் அங்கேயே கவிழ்ப்பார். படகுப் பெயிண்ட் வூட்டு வாசப்படி தாண்டக் கூடாது என்பது அவருடைய கொள்கை. வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து, வெயிலும் உப்பும் பட்டு வெளுத்து, கல் பார்க்கச் செம்பாறையாகவே ஆகிவிட்டது.

நீலா பஸ்ஸைவிட்டு இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கற்களின் மேல் ஓடினாள். மூச்சு வாங்கியது. உயரமான கல்லில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, கீழே யாசின் வெவ்வேறு பக்கமாக வளைந்து வளைந்து அவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, அப்டியே இருங்க. வெயிலு சூப்பரா கீது."

"நிறுத்துடா!" என்று கத்தினாள் நீலா. "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. இது பாறையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. படகுக்கு அடிக்கிற போட்டு பெயிண்டு. எங்க நைனா தொடச்சது. சக்தி அது இதுன்னு எழுதுனது நானு. எல்லாம் பொய்யி!"

கூட்டம் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தது. ஒரு அம்மாள் மட்டும் கையை எடுத்தாள், பிறகு மறுபடி வைத்துக்கொண்டாள்.

யாசின் பணிவாகவே சொன்னான். "சிஸ்டர், நீங்கதான் எழுதுனீங்கன்னா, ஒங்களுக்கு எப்டி அப்டி எழுதத் தோணுச்சு? அதான் சக்தி."

இவனிடம் எங்கே போய் முட்டிக்கொள்வது? நீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குமாரவேல் மெதுவாக இறங்கி வந்து, மகளின் கையைப் பிடித்துத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிப் போனார்.

"இன்னாத்துக்கும்மே கூவிக்கினு கீற?"

"நைனா, நீயே தொடச்ச பெயிண்டு. ஒனுக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? எந்தக் கல்லுல எந்தப் போட்டு பெயிண்டுன்னு கேளு, சொல்றேன்."

"அப்பறம் ஏன் குந்திக்கினு கீற?"

அவர் கடலைப் பார்த்தார். "ஜெகதீசன் தோஸ்து நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். துணியில சுத்தி எட்த்துகினு வந்தாங்கோ. அந்தப் பேரைக் கேட்டாலே எனுக்குக் கையி காலு ஒதறுதும்மே. இங்க குந்தினா ஒதறல. அவ்ளோதான்."

ஒரு காலத்தில் புயலில் படகு ஓட்டிய மனிதர். பயம் என்று அவர் வாயிலிருந்து வந்து நீலா கேட்டதில்லை. தன் கேலியெல்லாம் இந்தப் பயத்துக்கு ஒளிய இடம் கொடுத்திருக்கிறது என்று நினைத்தபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவள் குனிந்தாள். பெரிய கற்களின் இடுக்கில் உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கல், அதுவும் சிவப்பு. உருவி எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"இத்த எட்த்துகினு வா."

"இப்பதான் பொய்யின்ன?"

"பொய்தான். தெரிஞ்சேதான குந்துன? தெரிஞ்சே பாக்கெட்ல வெச்சிக்கோ. என்னோட வா நைனா. உன் கால்ல வுழறேன்."

குமாரவேல் பையைத் தொட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தவர் அங்கே நின்றார். பையைத் தொட்டுக்கொண்டார். நடந்தார். உள்ளே பச்சை உடுப்பை மாட்டிவிட்டு நர்ஸ், "கயிறு, மோதிரம், எதுவும் இருக்கக் கூடாது. கையில என்ன அது?" என்றாள். குமாரவேல் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீலாவால் தாங்க முடியவில்லை.

"குடு நைனா. நான் புட்ச்சிக்கினு கீறேன்."

கதவு மூடிக்கொண்டது. நீலா பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள். யாராவது வெள்ளை உடுப்பில் வெளியே வந்தால் அவர் முகத்தையே பார்த்தாள். கல் வியர்வையில் நனைந்து, உள்ளங்கை முழுக்கச் சிவப்பு ஒட்டியிருந்தது.

பெஞ்சின் மறுகோடியில் புர்காவில் ஒரு அக்கா அழுது முடித்த கண்களோடு உட்கார்ந்திருந்தாள். பேர் ஷம்ஷாத் என்று நர்ஸ் கூப்பிட்டபோது நீலா கேட்டிருந்தாள். அவளுடைய கணவரும் உள்ளேதான் இருந்தார்.

"இன்னாம்மா கையில? எண்ணூர் செம்பாறையா? போன்ல பார்த்தேன்."

இது பெயிண்டுக்கா, எழுதினதே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள் நீலா. உள்ளங்கைச் சிவப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் குடேன்மா. எங்க வூட்டுக்காரருக்காக வெச்சிக்கினு தரேன்."

நீலா மூடிய கதவைப் பார்த்தாள். கல்லை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"கோச்சிக்காதக்கா," என்றாள். "எங்க நைனா வெளிய வரட்டும். வந்ததும் தரேன்."