ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு வாய்

ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்த ஜவுளிக்கடைக்காரருக்குக் கைகளைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். "வாய்யா வா. தொப்பை முன்னாடியே வந்துடுச்சு, நீ எங்க?" என்று ஆரம்பித்தார்.

மட்டையை ஊன்றிய இரும்புக்கடைக்காரர் திரும்பாமலே பதில் சொன்னார். "போன மாசம் உன்கிட்ட வாங்கின பேண்ட்டு தண்ணியப் பாத்ததும் டவுசராயிடுச்சு. அதை மாட்டிக்கிட்டு எப்படிய்யா வேகமா வர்றது?"

பக்கத்தில் ஸ்லிப்பில் நின்ற தையற்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு கடைத்தெருக்களும் மோதும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் வருவதே இதைக் கேட்கத்தான். எருமை என்பார் ஒருவர், துருப்பிடித்த தாழ்ப்பாளே என்பார் மற்றவர். ஆட்டம் முடிந்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

அன்று இரும்புக்கடைக்காரர் அவுட்டாகிற வழியைக் காணோம். பந்து வேலியைத் தாண்டிக்கொண்டே இருந்தது, ஆட்டமும் கைநழுவிக்கொண்டிருந்தது. எந்தக் கேலிக்கும் ஆள் அசையவில்லை. அலமாரியையே இறக்கிக் காட்டிய பிறகும் உதட்டைப் பிதுக்குகிற வாடிக்கையாளரிடம் வருமே, அந்த எரிச்சல் ஜவுளிக்கடைக்காரருக்கு வந்தது. விற்கக் கூடாதென்று உள்ளே வைத்திருந்த சரக்கில் கைவைத்தார்.

"என்னய்யா, அந்தப் புடவையும் வேலைக்காகலையா?"

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. நடுவர் காதில் விழுந்தாலும் வியாபாரப் பேச்சு என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் சில நாட்களுக்கு முன் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து இரும்புக்கடைக்காரர் வந்திருந்தார். "அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாய்யா. சண்டை ஒண்ணுமில்ல, அலுத்துப் போய்ட்டா. கூப்பிடப் போறேன். வெறுங்கையோட எப்படி நிக்கிறது? நீயே ஒண்ணு எடுத்துக் குடு" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் புடவையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார். வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லை.

கடையில் என்றால் ஜவுளிக்கடைக்காரர் முகம் பார்த்துப் பேசுகிறவர். புருவம் சுருங்கினால் பேச்சை மாற்றுவார், உதடு இறுகினால் நிறுத்திவிடுவார். ஸ்டம்புக்குப் பின்னால் அவருக்குத் தெரிவது முதுகு மட்டும்.

பந்து வீச ஓடிவந்தவன் ஜவுளிக்கடைக்காரர் மனைவியின் தம்பி. பாதியில் நின்றுவிட்டான்.

"மச்சான், அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லடா, சும்மா..."

"இங்க வந்து அவர் மூஞ்சியப் பாத்துட்டு சொல்லுங்க. நான் பந்து போடல."

ஜவுளிக்கடைக்காரர் முன்பக்கம் நடந்துவந்தார். பார்த்தார். கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார். கூட்டத்தின் நடுவே வேட்டி அவிழ்ந்த மனிதனைப் போல இரும்புக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வீட்டுக்குப் போன மனைவி திரும்பவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"எந்தப் புடவைய்யா அது?" தையற்காரர் ஆவலாக நெருங்கி வந்தார். நாளைக் காலைக்குள் இரண்டு தெருவுக்கும் சேதி போய்விடும்.

"என் வீட்டுக் கதைய்யா" என்றார் ஜவுளிக்கடைக்காரர். "பொண்டாட்டியச் சமாதானப்படுத்த ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். கலர் பிடிக்கலேன்னு மூஞ்சிலயே வீசிட்டா. அதைத்தான் இவர்கிட்ட பொலம்பிட்டிருந்தேன்."

வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லையென்று மைத்துனனுக்குத் தெரியும். அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆமாமா" என்றான். "அக்கா வீசினது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

மைதானமே சிரித்தது. தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது இவ்வளவு நிம்மதியாக இருக்குமென்று ஜவுளிக்கடைக்காரருக்கு அதுவரை தெரியாது. ஓட்டத்தை நிறுத்தியவனும் பொய்க்குத் தோள் கொடுத்தவனும் ஒருவனே என்று நினைத்துக்கொண்டார். தன் இடத்துக்குத் திரும்பும்போது "தப்புதான்யா" என்று முனகினார்.

அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை. பந்து கையுறையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

இரும்புக்கடைக்காரர் ஒரு பந்தைத் தட்டிவிட்டு அந்தக் கோடிக்கு ஓடி, திரும்பி வந்து மூச்சு வாங்கினார். ஷூ நாடா அவிழ்ந்து மண்ணில் இழுபட்டது. குனிந்து பார்த்தார், தொப்பை விடவில்லை. பக்கத்தில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர் காலைப் பின்பக்கமாகத்தான் நீட்டினார்.

"கட்டு."

ஜவுளிக்கடைக்காரர் கையுறைகளைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு மண்டியிட்டார். அந்தக் கனத்த கால் தயங்கி, பிறகு முழு எடையோடு அவர் முழங்காலில் இறங்கியது. நாடாவின் மண்ணைத் தட்டி, இரண்டு முனைகளையும் சமமாக இழுத்து, நிதானமாக முடிச்சுப் போட ஆரம்பித்தார். அந்தக் கோடியில் மைத்துனன் பந்தைச் சட்டையில் துடைத்தபடி காத்திருந்தான்.