பதினைந்து நாள் தடை

"அந்த வயர அத்து விடுலே, தார்ப்பாயக் கட்ட இடிக்கி" என்று கரீம் பாட்சா கூரை மேலிருந்தவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நூர் நிஷா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அதுல கை வைக்காதீங்க. ஏழேகால் வரைக்கும் விடுங்க."

"மையத்து வூட்டுக்கு ஆளு வருவாவ. வெயில்ல நிக்கச் சொல்லுதியா?"

"அரை மணி நேரந்தான மாமா கேக்கேன்."

கரீம் பாட்சா உம்மாவின் அண்ணன். வாப்பாவின் ரேடியோவுக்குக் கூரையில் கட்டியிருந்த அந்த வயர் மேல் அவருக்கு வெகுநாள் எரிச்சல். இன்று அதைக் காட்ட முடியாமல் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

விடியலில் சுபுஹு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யப் போன வாப்பா குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து விட்டுவிட்டார். மதியத் தொழுகை லுஹருக்குப் பின் அடக்கம். ஊருக்குத் தந்தி போயிற்று, ஆண்டாப் ஹில்லிலிருந்த சின்னம்மாவுக்கு ஆள் போயிற்று. ஒன்பது வருடமாக வாப்பா தினமும் ரேடியோவில் பேசிய இருபது பேருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அவர்கள் அனுப்பி, சுவரில் ஒட்டியிருந்த அட்டைகளில் முகவரி இருந்தது. தபால் போய்ச் சேர மூன்று நாளாகும். லுஹருக்கு இருந்தது ஆறு மணி நேரம்.

கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மேலே மரப்படி ஏறினால் வீடு. மேல் அறையின் மூலையில் வாப்பா சோர் பஜாரில் பொறுக்கிய சாமான்களை வைத்துத் தானே கட்டிய, கேட்கவும் பேசவும் முடிகிற ஹாம் ரேடியோ. காலை ஏழு மணிக்கு அதில் தமிழ் ஆட்கள் கூடுவார்கள். பம்பாய், பூனா, ஒன்றிரண்டு பேர் மெட்ராஸ். தலைமை மாட்டுங்கா சந்திரமௌலி, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழரை வரை ஏரியல், வால்வு என்று காரியப் பேச்சுதான் பேச வேண்டும் என்பது அவர் சட்டம். அதற்குப் பிறகு 'டீ'. அவரவர் வீட்டில் டீயைக் குடித்துக்கொண்டே அரட்டை, சிரிப்பு, கிரிக்கெட், எது வேண்டுமானாலும்.

வாப்பாவுக்கு டீ வரை பொறுக்காது. பதினைந்து நாளைக்கு முன் சந்திரமௌலி பூனாக்காரருக்கு எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து, "பிரேக், பிரேக்" என்றார். உயிர் போகிற அவசரத்துக்கென்று வைத்திருக்கிற சொல் அது. அதைக் கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியில் வாப்பா, "எங்க வூட்டுல ஆட்டுக்கால் சூப்பு கொதிச்சிருச்சு. டீய இப்பமே ஆரம்பிச்சா என்ன ஸார்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரமௌலி சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒருத்தன் நிஜமா கூப்பிடுவான், அப்பவும் சிரிப்பேள். உதுமான் பாய், பதினஞ்சு நாள் நீங்க கேட்டா போதும். பேச வேண்டாம்."

வாப்பா தினமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார், தனியாகச் சிரிப்பார், காலண்டரில் ஒரு தேதியை அடிப்பார். "முடியட்டும் புள்ள, எல்லா நாளைக்கும் சேத்து வச்சிருக்கேன்" என்பார். பதினான்கு தேதிகள் அடிபட்டிருந்தன. மனுஷனைக் கடைசி நாட்களில் வாயைக் கட்டி உட்காரவைத்த அந்த மாட்டுங்காக்காரர் மேல் நூர் நிஷாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ரேடியோவைப் போட்டாள். வால்வு சூடாக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் போகவே மாட்டேன் என்றது. கீழே பட்டறையில் மையத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் பேசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மைக்கை எடுத்துக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள்.

"பிரேக், பிரேக். உதுமான் வூட்டுலேர்ந்து பேசுதேன். நான் அவங்க மக."

பொத்தானை விட்டதும் முதலில் வந்தது சிரிப்பு.

"பாய், இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கே" என்றார் சந்திரமௌலி. "அதுக்குள்ள பொண்ண விட்டுட்டேளா? லைசென்ஸ் இல்லாம குழந்தை பேசறது தப்பு. மைக்கை அப்பாகிட்ட குடும்மா."

"இன்னிக்கும் சூப்பா பாய்?" என்றது இன்னொரு குரல். மறுபடி சிரிப்பு.

பொத்தானை அழுத்தினாள். "வாப்பா" என்ற சொல்லோடு நின்றுவிட்டாள். விரல் மட்டும் பொத்தானிலேயே இருந்தது. கீழேயிருந்து யாசீன் ஓதும் சத்தம் படியேறி வந்தது, நடுவே உம்மா விம்முவதும் கேட்டது. எல்லாம் மைக்கில் போய்க்கொண்டிருந்தது. திட்டுவதற்காக ஏறிவந்த கரீம் பாட்சா பாதிப் படியில் நின்றுவிட்டார்.

விரலை எடுத்தபோது வெறும் இரைச்சல்தான் இருந்தது.

"எப்போம்மா?" சந்திரமௌலியின் குரல்தான். ஆனால் அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"சுபுஹுக்கு."

"எடுக்கறது?"

"லுஹர் முடிஞ்சு. ஒண்ணரை இருக்கும்."

"உங்காத்துக்கு நான் வந்ததே இல்ல. வழி சொல்லு."

"தாராவி பள்ளிவாசலுக்குப் பின்சந்து. அங்க வந்து மேல பாருங்க. வயர் தெரியும்."

கரீம் பாட்சா இறங்கிப் போனார். தார்ப்பாயை வயருக்குக் கீழே தாழக் கட்டச் சொன்னார். வந்தவர்களெல்லாம் குனிந்துதான் உள்ளே வரவேண்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சந்துக்குள் ஆறேழு பேர் தனித்தனியாக, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஒருவர் வழி கேட்டதும் மற்றவர் குரலை அடையாளம் கண்டு சட்டென்று திரும்பி, "அட, செம்பூர் நீங்கதானா?" என்று கையைப் பிடித்தார். இருவரும் சிரித்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள். நரைத்த தலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நெட்டையாக வந்தவர் உதுமான் பாய் வீடு இதுதானா என்று கேட்டார், ரேடியோவில் கேட்ட அதே மாட்டுங்காக் குரல். மையத்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கும்போது அவரும் ஒரு தோள் கொடுத்தார். உயரம் பொருந்தவில்லை, முழங்காலை மடக்கி மடக்கி நடந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நூர் நிஷா ரேடியோவைப் போட்டாள். மைக்கைத் தொடவில்லை. சந்திரமௌலி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் வணக்கம் சொன்னார்கள். செம்பூர் முடிந்தது. அடுத்தது தாராவி.

"உதுமான் பாய், தடை நேத்தோட முடிஞ்சுது" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க பேசலாம். ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மணி ஏழு பத்து. டீக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஏழரை வரை அவர் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை, யாரும் குறுக்கே பேசவுமில்லை.