கழுத்துத் துணி

சாயக் கூலியைத் திருமூர்த்தி முதலில் குறைத்துத்தான் வாங்கினார். குறைத்து வாங்குகிறவரைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? பனியன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் அவருடைய சாயப்பட்டறைக்கே துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாமியப்பனும் ஓடினார். துணி வராமல் மற்ற பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. மூடியதையெல்லாம் திருமூர்த்தியே வாங்கிப் போட்டார்.

"இதுக்குப் பேரு ஏகபோகங்கப்பா" என்று அன்றைக்கே சொன்னாள் சாமியப்பனின் மகள் கலைமகள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"ஆமா கண்ணு, ஏகபோகமாத்தான் இருக்கறான். ஊட்டு முன்னால எத்தன காரு!"

"அட, அது இல்லீங்கப்பா. விக்கறவன் ஒருத்தன்தான்னு ஆயிட்டா, அவன் வெச்சதுதான் சட்டம். வேற பக்கம் போக வழியே இருக்காது."

"வேல்குமாரு பட்டறை இருக்குதில்ல? இவன் முறுக்குனா அங்க போறோம். இவனும் என்ற கூடப் படிச்சவன்தான், போ."

இப்போது முறுக்கிவிட்டான்.

காதர்பேட்டை மொத்த வியாபாரிகளை நம்பாமல் கலைமகளே நேராகப் பேசிப் பிடித்த முதல் ஆர்டர் அது. பச்சை டீ-சர்ட். உடம்புத் துணிக்குத் திருமூர்த்தி சாயம் போட்டுக் கொடுத்துவிட்டார். கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி மட்டும் பாக்கி; அதைப் போடாமல் நிறுத்தி வைத்தார். இரண்டும் ஒரே பச்சையாக இல்லாவிட்டால் ஆர்டர் கொடுத்த பையர் மொத்தத்தையும் திருப்பிவிடுவான்.

"கூலி சேத்தி வேணுமா மாப்ள?" என்று கேட்டார் சாமியப்பன்.

திருமூர்த்தி காப்பி வரவழைத்தார். "சேச்சே, நமக்குள்ள என்ன மாப்ள! அந்தப் பையரை எனக்கு மாத்தி உட்டுரு. நான் துணி தர்றேன், நீ தெச்சுக் குடு. தொல்லையே இல்ல பாரு."

"நாங்க முடியாதுன்னு சொன்னா?" என்றாள் கலைமகள்.

"தாராளமா வேற பக்கம் போட்டுக்க கண்ணு." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை.

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள். ரிப் துணியையும் மாதிரிக்குப் பச்சைத் துணியில் ஒரு துண்டையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு இருவரும் வேல்குமார் பட்டறைக்குப் போனார்கள். எந்தப் பச்சையைக் காட்டினாலும் அப்படியே கொண்டுவந்துவிடும் கை வேல்குமாருடையது.

கேட்டின் மேல் ஏணி சாத்தி ஒருவன் பட்டறையின் பழைய பெயர்மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். வேல்குமார் வெளியே வந்தார். கழுத்தில் புத்தம்புது அடையாள அட்டை தொங்கியது.

"வா கண்ணு. ரிப்புதான? போட்டுரலாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து போனைச் சாமியப்பனிடம் நீட்டினார். "உங்ககிட்டப் பேசணுங்கறாருங்க."

"வாங்காதீங்கப்பா" என்றாள் கலைமகள்.

சாமியப்பன் மகளைப் பார்த்தார். டெம்போவில் கிடந்த வெள்ளை ரிப்பைப் பார்த்தார். பிறகு போனை வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சொல்லுங்க மொதலாளி" என்றார்.