ஒரே தொட்டிச் செடி, இரண்டு பள்ளிகள்

“உன் பள்ளிக்கூடத்துல ஜன்னலுக்குத் திரைச்சீலையே இல்லையாமே, மேம்?”

“உங்க பள்ளிக்கூடத்துல தொட்டி இருக்காம், செடிதான் இல்லையாம், சார்.”

கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் நானும் லியாண்ட்ரோவும் பேசிக்கொண்டது இது. எங்கள் தீவில் அரசு ஆரம்பப் பள்ளிகள் இரண்டே இரண்டு. கடற்கரைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர், குன்றுப் பள்ளிக்கு நான். அன்று சிரித்து முடித்ததும், இருப்பதை இரண்டு பள்ளிக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்.

ஆண்டுதோறும் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டையும் ஒப்பிட்டுக் கேடயம் கொடுப்பார். காலையில் கடற்கரைப் பள்ளி, மதியத்துக்கு மேல் குன்றுப் பள்ளி. இடையில் பெற்றோர்கள் பன்றி வறுவலும் தேங்காய்ப்பால் நண்டும் போட்டு அவரை எழுந்திருக்க முடியாதபடி செய்துவிடுவார்கள். அதற்குள் பூந்தொட்டி, திரைச்சீலை, கதைப் புத்தகம், உலக உருண்டை எல்லாம் டிரைசைக்கிள் என்கிற மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மேலே வந்துவிடும். மதிப்பெண் சமமாக வரும். கேடயம் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே.

தொட்டிக்கு மதிப்பெண் உண்டு, வாசிப்புக்குக் கிடையாது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆறு வகுப்புக்கு, தலைமையாசிரியரையும் சேர்த்து, மூன்றே ஆசிரியர்கள். நான் இரண்டாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டால், மூன்றாம் வகுப்பு அதே அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அதில் ஜினாலின் என்ற சிறுமிக்குத் தன் பெயரைத் தவிர எதையும் வாசிக்கத் தெரியாது. இதற்கு வழி எனக்குத் தெரியும். சொன்னால் எங்கள் இருவரில் ஒருவருக்கு நாற்காலி போய்விடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் விழுங்கிக்கொண்டேன்.

இந்த முறை வந்த பகடுவன் மேடத்துக்குச் சர்க்கரை வியாதி. “எனக்கு விருந்தெல்லாம் வேண்டாம், பையில பிஸ்கட் இருக்கு” என்று குன்றேறக் கிளம்பிவிட்டாராம். போனில் சேதி வந்ததும் நான் கீழே ஓடினேன். பாதி ஏற்றத்தில் டிரைசைக்கிள் இழுக்க முடியாமல் நின்றிருந்தது. உள்ளே தொட்டிகளுக்கு நடுவில், கழுத்தில் திரைச்சீலையும் மடியில் உலக உருண்டையுமாக என் கணவர். எதிரே மேடம்.

“காலையில பாத்த அதே செடி மாதிரி இருக்கே. இதெல்லாம் யாரோடது, சார்?”

“மேமோடதுங்க. காலையில இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுக்கப் போறேன்,” என்று லியாண்ட்ரோ என்னைக் காட்டினார்.

“இல்லைங்க, சாரோடது,” என்றேன் நான்.

“வீட்டுலயும் இப்படித்தான் விட்டுக்கொடுத்துப்பீங்களா?”

“டிவி ரிமோட்டுக்கு மட்டும் கிடையாதுங்க,” என்றார் வண்டிக்காரர்.

மேடம் சிரிக்கவில்லை. “அப்ப நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் போடறது?”

லியாண்ட்ரோ என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளி என்றது அந்தப் பார்வை. மேலே என் அறையில் இந்நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

“எதுக்கும் போடாதீங்க, மேடம். ரெண்டையும் ஒரே பள்ளிக்கூடமா ஆக்கிடுங்க. வகுப்புக்கு ஒரு டீச்சர் கிடைப்பாங்க. தலைமை நாற்காலி அவருக்கே இருக்கட்டும். எனக்கு ஜினாலின் வகுப்பை மட்டும் கொடுங்க.”